எளிது என்ற கட்டத்தில் ஏழு ஒன்றுகள்

எல்லைக் கமிட்டி கூடினால் முதலில் வற்றிப்போவது தொண்டை, அடுத்தது பாலில்லாத கட்டன்சாயா. முடிவு என்று ஒன்று வந்ததாக அதுவரை சரித்திரம் இல்லை. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றி இருபத்தொன்பது, ஆனி மாதம். இங்கிலீஷ் கணக்கில் ஐம்பத்து நாலு. குன்னத்துகாலிலிருந்து காரக்கோணம் போகும் வழியில் ஓலை மேய்ந்த வாசகசாலை ஒன்று இருந்தது. அதில் ஒன்பது பேர் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் கூடி, நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழ் ஊர்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று சத்தம் போட்டார்கள். எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லாததால் ஒருவரோடு ஒருவர் சத்தம் போட்டார்கள்.

யோசனைகளுக்குக் குறைவில்லை. தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் போகலாம். கடைகளுக்குத் தமிழில் பலகை எழுதலாம். ராஜ்யங்களைப் பிரித்து அடுக்க டெல்லியில் உட்கார்ந்திருக்கும் கமிஷனுக்குக் கையெழுத்து மனு அனுப்பலாம். நாடகம் போடலாம், மறியல் செய்யலாம். இப்படி எட்டு. கையில் இருந்ததோ ஒன்பது ஆளும் இரண்டு சைக்கிளும். நாலு மாதத்தில் எட்டில் ஒன்றுகூட நடக்கவில்லை. யார் சத்தம் பெரிதோ அன்று அவர் யோசனை ஜெயிக்கும். அடுத்த கூட்டத்துக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிடும்.

பெரும்பாலும் ஜெயித்தவர் தையல்காரர் சத்தியதாஸ். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தலைவர் நீலகண்ட பிள்ளை தாலுகா ஆபீசில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்பது பேரில் ஒரே பெண் கிருஷ்ணம்மா டீச்சர்.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் அவள் ஒரு சாயங்காலம். "எங்க பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பதினேழு ஐட்டம் வரும். நேரம் ரெண்டு மணிக்கூர்தான். மூணு பேரு மார்க்குப் போடுவோம். கூடுதல் மார்க்கு வாங்கினது மேடைக்கு ஏறும். போன வருசம் மானேஜருக்க மருமக ஆட்டமே வெளியெ போச்சு. ஒருத்தருக்கும் பரிபவமோ பிணக்கோ இல்ல."

"டீச்சரே, நம்ம என்ன பரீட்சையா எழுதுதோம்?" என்றார் சத்தியதாஸ்.

"பரீட்சையாக்கும். நாலு மாசமா எல்லாரும் தோத்துட்டு இருக்கோம்."

நீலகண்ட பிள்ளை கண்ணைத் திறந்தார். அதுவே பெரிய ஆதரவு. அடுத்த கூட்டத்துக்குக் கிருஷ்ணம்மா பழுப்புத்தாளில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். எட்டு வரிசை, எட்டு யோசனை. குறுக்கே மூன்று கட்டம்: எத்தனை பேருக்குப் பயன், எவ்வளவு சீக்கிரம் முடியும், எவ்வளவு எளிது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. பேர் எழுத வேண்டாம்; சீட்டை மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டால் போதும்.

எட்டாவது வரிசையில் இருந்தது அவளுடைய யோசனை. பள்ளியில் தமிழ் டிவிஷன் என்று ஒரே ஓர் அறை. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளும் அதில்தான், டீச்சரும் இவள் ஒருத்தியே. இன்ஸ்பெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனி முடிவதற்குள் முப்பது பிள்ளைகள் இருந்தால் டிவிஷன் நிலைக்கும், இல்லாவிட்டால் மலையாள வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். இருந்தது இருபத்து மூன்று. அவளுக்கு வேலை போகாது, தையலும் கணக்கும் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தாலுகாவின் இந்த மூலையில் 'அ' எழுதச் சொல்லிக்கொடுக்கும் கடைசி அறை போய்விடும், அவ்வளவுதான். அவளுக்கு அந்த அவ்வளவுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. கமிட்டி வீடு வீடாகப் போய் ஏழு பிள்ளைகளைச் சேர்த்துத் தர வேண்டும் என்பதே எட்டாவது யோசனை.

சீட்டு எழுதும்போது தன் வரிசைக்கு வந்ததும் அவள் பென்சில் தயங்கியது. பயனுக்கு இரண்டு போட்டாள். சீக்கிரத்துக்கு மூன்று. எளிதுக்கு ஒன்று என்று எழுதினாள். தன் காரியத்துக்குத் தானே அள்ளிப் போடக் கூடாது என்று ஒரு கூச்சம். கூச்சம் என்றுதான் அப்போது அவளும் நினைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஷியாமளா என்று எட்டு வயதில் ஒரே மகள். அதே பள்ளியில்தான் படித்தாள், மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், மலையாள மூன்றாம் வகுப்பில். கிருஷ்ணம்மாளின் கணவர் ராஜன் திருவனந்தபுரத்தில் ஓர் அச்சாபீசில் மலையாள எழுத்துக் கோர்க்கிறவர். "அஞ்சு வரைக்கும் உன் டிவிஷன் உண்டு. ஆறாங்கிளாசுக்கு பிள்ளை எங்கெ போவா?" என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் தமிழ் ஆறாம் வகுப்பு கிடையாது. கேள்வி நியாயமானது, அதனால் மகளைத் தட்டிக்கு அந்தப் பக்கமே சேர்த்தாள்.

மார்க்கைக் கூட்டியபோது கையெழுத்து மனுவுக்கு நூற்றிப் பதினாலு. ஊர்வலத்துக்குத் தொண்ணூற்றி ஏழு. வரிசையாக இறங்கிக் கடைசியில் தமிழ் டிவிஷன்: அறுபது. சத்தியதாஸின் மறியல்கூட அதற்கு மேலே இருந்தது. யாரும் சண்டை போடவில்லை. முறை வேலை செய்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

"இருபத்து மூணு பிள்ளைய காரியம்தானே டீச்சரே," என்று ஆறுதல் சொன்னார் மிளகு வியாபாரம் செய்யும் செல்லசாமி. "மனு ஆயிரம் பேருக்க காரியமாக்கும்."

அவள் தலையாட்டினாள். தான் போட்ட கட்டத்தில் தானே தோற்றதைக் குறை சொல்ல வாயில்லை.

மூன்று வாரம் ஒன்பது பேரும் மழையில் அலைந்தார்கள். இரண்டு சைக்கிளில் ஒன்று பொன்னப்பனுடையது; முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத பாக்கு வியாபாரி, கமிட்டியில் வாயைவிடக் காலால் அதிகம் உழைக்கிற ஒரே ஆள். பாறசாலைச் சந்தை, மரச்சீனிக் கிழங்கு விளைகள், தெற்கே பொழியூர்க் கடற்கரை வரை அவன் போனான். மனுவின் தலைப்பை நீலகண்ட பிள்ளை தன் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்: 'எங்கள் தாய்மொழி தமிழ். நாங்கள் தமிழர்கள். எங்களைத் தமிழரோடு சேர்க்க வேண்டும்.' கீழே ஜனங்கள் மறுப்பே சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். ஆயிரத்து நூற்றி இருபத்தெட்டு பேர். செல்லசாமி எல்லோருக்கும் பழமும் சாயாவும் வாங்கிக் கொடுத்தார்.

நகல் எடுக்கத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோன நீலகண்ட பிள்ளை மறுநாளே கூட்டத்தைக் கூப்பிட்டார். மேஜைமேல் தாள்களைப் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன பிள்ளைவாள், ஏதாவது பிசகா?" என்றார் சத்தியதாஸ்.

"நீங்களே பாருங்கோ."

பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வேடிக்கை. அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுபோல ஓடும். எந்த எழுத்தில் படிக்கிறோம் என்பதே மனதில் தங்காது. மூன்று வாரம் அத்தனை பேரும் தாளை நீட்டி வாங்கியும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நீலகண்ட பிள்ளைக்கும் நகல் எடுக்கப் பேனாவைத் தாளில் வைத்த பிறகுதான் உறைத்தது.

"ரேகை முந்நூறு," என்றார். "தமிழ்லெ ஒப்புப் போட்டது இருநூத்திப் பதினாலு. பாக்கி அறுநூத்திப் பதினாலும் மலையாளமாக்கும்."

'நாங்கள் தமிழர்கள்' என்ற வரிக்குக் கீழே அறுநூற்றுப் பதினான்கு மலையாளக் கையெழுத்து. பொன்னப்பன் முதலில் சிரித்தான். பிறகு தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். சத்தியதாஸ் தன் கையெழுத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். வட்ட வட்டமான, தெளிவான மலையாளம்.

"எனக்கு இதுதான் படிப்பிச்சாங்க," என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பழைய குரல் திரும்பிவிட்டது. "திரும்பப் போவோம். மலையாளத்துலெ போட்டவனெ எல்லாம் ரேகை வைக்கச் சொல்லுவோம். ரேகைக்கு மொழி உண்டா?"

"எழுதத் தெரிஞ்சவனெப் போயி பெருவிரலெ மையிலெ முக்குன்னு சொல்லுவியளா?" என்றான் பொன்னப்பன். "பொழியூர்லெ ஒருத்தன், ஒப்புப் போட்டுட்டு எனக்க முகத்தெப் பாத்தான். அம்பது வயசுலெ படிச்ச எழுத்தாக்கும் அது. அவங்கிட்டெ நான் போகமாட்டேன்."

கிருஷ்ணம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேசினாள். "மறைக்காண்டாம். இப்படியே அனுப்புவோம். மேலெ நாலு வரி சேத்து எழுதுவோம். இந்தக் கையெழுத்தெல்லாம் மலையாளத்துலெ ஏன் இருக்குதுன்னா, வீட்டுலெ தமிழ் பேசுத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துலெ தமிழ் கிட்டல்ல. அதுக்கு அத்தாட்சி இந்த ஒப்புதான்னு சொல்லுவோம். இதெவிட பெரிய சாட்சி வேற என்ன வேணும்?"

அறையில் உயிர் வந்தது. செல்லசாமி தொடையைத் தட்டினார். அவர்கள் தவற்றையே வக்கீலாக்கிவிட்டாள் டீச்சர். ஆனால் நீலகண்ட பிள்ளை சிரிக்கவில்லை. முப்பது வருடம் மனுக்களைத் திருப்பி அனுப்பியவர் அவர்.

"எழுதலாம் அம்மா. நான் அந்த ஆபீசுலெ இருந்தா திருப்பி ஒரு கேள்வி போடுவேன். தமிழ் டிவிஷன் ஒண்ணு உண்டே, பிள்ளை இல்லாம இந்த மாசத்தோடெ பூட்டப் போகுதே, நீங்க ஏன் பிள்ளையெ அனுப்பல்லன்னு கேப்பேன். என்ன சொல்லுவியோ?"

அப்போதுதான் கிருஷ்ணம்மாளுக்குத் தன் கட்டத்தில் என்ன விட்டுப்போயிற்று என்று தெரிந்தது. பயன் பார்த்தாள், வேகம் பார்த்தாள், எளிமை பார்த்தாள். எந்தக் காரியம் எந்தக் காரியத்தின் தோளில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. எட்டையும் தனித்தனி ஆட்கள்போல வரிசையில் நிறுத்தி மார்க்குப் போட்டுவிட்டாள். நூற்றிப் பதினாலு வாங்கிய மனு அறுபது வாங்கிய வகுப்பின் தோளில் நின்றது.

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். சீட்டுகள் அப்படியே இருந்தன. எட்டாவது வரிசையை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பயனுக்கு ஒருவர் ஒன்று, ஒருவர் மூன்று என்று கலந்து கிடந்தது. எளிது என்ற கட்டத்தில் கலப்பே இல்லை. ஏழு சீட்டில் ஒன்று. ஒரு சீட்டில் நாலு, ஒரு சீட்டில் ஐந்து.

"நாலு நான் போட்டது," என்றார் நீலகண்ட பிள்ளை. அவர் மக்கள் எல்லாம் தலையெடுத்து வெளியூரில் இருந்தார்கள்.

"அஞ்சு என்னுது," என்றான் பொன்னப்பன். "ஏழு பிள்ளையெச் சேக்குதது என்ன பெரிய பாடு?"

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லாத இரண்டு பேர். மற்ற ஏழு வீட்டிலுமாகப் பதினொரு பிள்ளைகள் இருந்தன. கிருஷ்ணம்மாளுக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். தட்டிக்கு அந்தப் பக்கம்தானே தினமும் சத்தமாகப் பாடம் சொன்னார்கள். யாரும் பொய் எழுதவில்லை. அந்த ஒன்று சத்தியமான ஒன்று. கடற்கரை வரை சைக்கிள் மிதிப்பது எளிதாக இருந்தது. தன் வீட்டு வாசற்படி ஏறிப் பிள்ளையின் பையை மாற்றுவதுதான் கஷ்டம்.

"ஊரெல்லாம் போகாண்டாம்," என்றாள். "இந்த ஏழு வீட்டுலெ ஆளுக்கு ஒரு பிள்ளை வந்தா முப்பது ஆயிரும். ஏன் ஒருத்தரும் அனுப்பல்ல?"

கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டாள். சத்தியதாஸ் உள்ளங்கையைத் தாளிலிருந்து எடுக்காமல் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் அவளைக் குத்தியது.

"டீச்சரே, ஏழு வீட்டுலெ உங்களுக்க வீடும் உண்டு. ஷியாமளா எந்தக் கிளாஸ்?"

எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சீட்டுகளில் ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள். அவளுடைய எழுத்து எல்லோருக்கும் தெரியும்.

"இந்த ஒண்ணு நான் போட்டது. அடக்கத்துலெ போட்டேன்னு நினைச்சேன். இல்ல. கஷ்டம்னு எனக்குத் தெரியும், அதான் போட்டேன்."

செல்லசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்க சின்னவனெ திங்களாழ்ச்ச கொண்டு வாறேன்," என்றார். யாருக்காகவோ சொல்வதுபோல வெளியே மழையைப் பார்த்துச் சொன்னார்.

கொண்டும் வந்தார். செவ்வாயன்று சத்தியதாஸின் மகள் கிருபாபாய் வந்தாள், இரண்டு ஜடையும் அழுத கண்ணுமாக. புதனும் வியாழனும் மற்றவர்கள். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள்: பெண்டாட்டி சாப்பாடு போடவில்லை, மச்சான் பேசுவதை நிறுத்திவிட்டான். வியாழன் சாயங்காலம் ரிஜிஸ்தரில் இருபத்தொன்பது பெயர். ஆறு வீடு வந்தாயிற்று. ஏழாவது வீட்டுக்கு அன்று தபால் வந்தது. மகளை வகுப்பு மாற்றட்டுமா என்று கிருஷ்ணம்மா எழுதிய கடிதத்துக்கு ராஜன் நாலே வரி பதில் போட்டிருந்தார்: 'ஊர் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறாய். நம் பிள்ளையை ஏன் அதில் வைக்கிறாய்? ஆறாம் வகுப்பை நினைத்துப் பார். மற்றபடி உன் இஷ்டம்.'

அந்தக் கடைசி வார்த்தைதான் பொல்லாதது. வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பாள்.

பொன்னப்பன் ஒரு வழி வைத்திருந்தான். "எனக்க அக்காளுக்க மக உண்டு. ஒரு நாளு கொண்டுவந்து இருத்துதேன். இன்ஸ்பெக்டரு எண்ணிட்டுப் போகட்டு. அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்." அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றாள்.

அந்த மனு பிறகு போகவே செய்தது, நாலு வரி சேர்த்து, அறுநூற்றுப் பதினான்கும் அப்படியே. ஆடிக் கடைசியில் தெற்கே ஊர்வலக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கி வெடித்து ஊரே துக்கம் காத்தது. இரண்டு வருடம் கழித்து எல்லைக் கோடு விழுந்தபோது தெற்குத் தாலுகாக்கள் சென்னைப் பக்கம் போயின, இந்த ஊர் மலையாளப் பக்கமே நின்றது. கமிஷன் அந்த நாலு வரியைப் படித்ததா என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் தெரிந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை கிருஷ்ணம்மா என்ன செய்திருப்பாள் என்று சொல்ல முடியாது. தெரியாமல் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்ல முடியும்.

வெள்ளி காலை பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வடக்கேயிருந்து வந்த மலையாளி, மரியாதையான மனிதர். குடையை வாசலில் சாத்திவிட்டுப் பெஞ்சு பெஞ்சாக விரலால் எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

"டீச்சரே, இருபத்தொன்பது. ஒண்ணு குறைவுண்டு."

ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் பொன்னப்பன் சைக்கிளோடு நின்றான். பின்னால் பாவாடை சட்டையில் அவன் அக்காள் மகள். புருவத்தை உயர்த்திக் கேட்டான். இவள் தலையை ஒருதரம் ஆட்டினால் போதும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு மலையாளப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பது குரலில் ஒரு குரலை அவளால் பிரித்துக் கேட்க முடிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. எழுத்துகள் முத்து மாதிரி இருக்கும். ஆறாம் வகுப்புக்கு எங்கே போவாள் என்பதற்கு இன்றும் அவளிடம் பதில் இல்லை. சத்தியதாஸிடமும் இல்லை, செல்லசாமியிடமும் இல்லை. ஆனாலும் அவர்கள் பிள்ளைகள் இதோ முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு நிமிசம் சாரே," என்றாள்.

ஷியாமளா தோழி ஸ்ரீகுமாரியோடு ஒரே ஸ்லேட்டைப் பார்த்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பயந்து எழுந்தாள்.

"பையெ எடுத்துட்டு வா மக்கா."

"வீட்டுக்கா?"

"இல்ல. எனக்க கிளாசுக்கு."

"ஸ்ரீகுமாரியும் வருவாளா?"

"இல்ல மக்கா. நீ மட்டும்."

குழந்தை அழவில்லை. ஸ்லேட்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. வேலியோரம் பொன்னப்பன் பார்த்தபடி நின்றான். பிறகு அக்காள் மகளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. எண்ணி முடித்த பிறகு முளைத்த பிள்ளை அல்லவா. "பேரெழுது மோளே," என்று சாக்குக் கட்டியை நீட்டினார். ஷியாமளா கரும்பலகைக்குப் போய், நுனிக்காலில் நின்று, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். அழகான, வட்டமான, ஒரு பிசிறும் இல்லாத மலையாளம்.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"இது ஆரு?"

"எனக்க மக. இன்னைக்காக்கும் இங்கெ சேந்தா. தமிழ்லெ பேரு எழுத இவளுக்கு அறியாது சாரே. டீச்சருக்க மகளுக்கு அறியாது."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்து, முப்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மனுவில் அறுநூற்றுப் பதினான்கு. கிருஷ்ணம்மாளின் கணக்கில் பலகையில் இருந்தது அறுநூற்றுப் பதினைந்தாவது. குழந்தை அதை அழிக்கப் பாவாடை நுனியை எடுத்தபோது, "அழிக்காண்டாம், இருக்கட்டு," என்றாள். பிறகு மகளின் கையைத் தன் கைக்குள் பிடித்து, அந்தப் பெயருக்குக் கீழே, மெதுவாகத் தமிழில் எழுதத் தொடங்கினாள்.